தகரத்தானைக் கழுவியவர்கள்

அமிர்தத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எண்ணெய் நாற்றம்தான். விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வருஷக்கணக்கில் காய்ந்து, அதில் எறும்பும் கோழி ரத்தமும் பல்லிப் புழுக்கையும் ஒட்டி, வெயில் ஏறினால் இளகி வழிகிற நாற்றம். அது ஒரு தகரப் பொம்மையிலிருந்து வந்தது. ஒரு முழ உயரம் இருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அதன் பக்கத்தில் போவேன். கல்வராயன் மலை அடிவாரத்தில் ஓர் ஐயனார் கோயிலில் அது நின்றது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. அங்கே நல்லவர்களும் இருக்கிறார்கள்.

அந்தப் பொம்மையை அமிர்தம் கோயிலில் வைத்த கதையை இன்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். கனவில் சாமி வந்து கேட்டது என்கிறார்கள். வெள்ளைக்காரன் ஒருவன் கொண்டுவந்து வைத்தான் என்கிறார்கள். இரண்டும் பொய். கள்ளக்குறிச்சியில் நான் கணக்கெழுதிய அரிசி ஆலையில்தான் அமிர்தம் களத்து வேலை பார்த்தாள். நடந்ததை நடந்த அன்றே குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதனால் நான் சொல்வதை நம்பலாம்.

அவள் ரிஷிவந்தியம் பக்கத்துப் பெண். கல்யாணமாகிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தாள். புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், போனவன்தான். கையில் ஒரே மகன், இளஞ்செழியன். ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்து இரண்டு காலும் விழுந்துவிட்டன. களத்தில் அவித்த நெல்லைப் பரப்பி, பெண்கள் வரிசையாக நின்று காலாலேயே துழாவிக்கொண்டு நடப்பார்கள். சூடு ஆறாத நெல். நாள் முழுக்க நடை. மகன் சாக்கு அடுக்கின்மேல் உட்கார்ந்து அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருப்பான். அவளுடைய பாதங்களில் வெடிப்பு எப்படி இருக்கும் என்று எழுதினால் படிப்பவர்களுக்குச் சோறு இறங்காது.

1984 மாசி மாதம், மகனுக்குக் கால் வரவேண்டும் என்று மலையடிவாரத்து ஐயனாருக்கு மண்ணால் செய்த கால் வைப்பதாக நேர்ந்துகொண்டாள். கண் நோய் என்றால் மண் கண், கால் நோய் என்றால் மண் கால், பிள்ளை இல்லையென்றால் மண் பிள்ளை. இங்கே எல்லோரும் செய்வதுதான். தாய்வீட்டு ஊரில் மண் உருவம் செய்யும் வேளாரிடம் சொல்லி இரண்டு கால் செய்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ்ஸில் எவனோ மரவள்ளிக்கிழங்கு மூட்டையைத் தூக்கி அதன்மேல் போட்டான். கள்ளக்குறிச்சியில் இறங்கும்போது பையில் சில்லுதான் இருந்தது. உடைந்த உருவத்தைச் சாமிக்கு வைக்கக் கூடாது. மூட்டைக்காரன், "மண்ணு தானம்மா, வேற பண்ணிக்க" என்று சொல்லிவிட்டுப் போனானாம். அவன் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பெயரை எழுதியிருப்பேன்.

பையோடு கடைவீதியில் நடந்தவள், கலீலுல்லா பாயின் ஃபேன்சி ஸ்டோரில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தத் தகர மனிதனைப் பார்த்தாள்.

அது எப்படி அங்கே வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு எங்கள் ஊர் டாக்கீஸில் ஓர் ஆங்கிலப் படம் போட்டார்கள். ராக்கெட்டில் ஏறி வேறொரு கிரகத்துக்குப் போகிறார்கள், அங்கே ஓர் எந்திர மனிதன் இவர்களைத் துரத்துகிறான். நானும் போனேன். எந்திர மனிதன் என்று வந்தவன் தகரம் போர்த்திய ஆள். ஓடும்போது உள்ளே போட்டிருந்த ஷூ தெரிந்தது. இடைவேளையில் எழுந்து வந்துவிட்டேன். ஆனால் கலீலுல்லா மெட்ராஸிலிருந்து அந்தப் படத்துப் பொம்மைகளை ஒரு பெட்டி நிறைய வரவழைத்து, டாக்கீஸ் வாசலிலேயே கடை போட்டார். ராக்கெட், துப்பாக்கி, எந்திர மனிதன். படம் நான்காம் நாளே போய்விட்டது. பொம்மைகள் போகவில்லை. ஒரே ஒரு எந்திர மனிதன் மட்டும் கடைசிவரை கண்ணாடிப் பெட்டியில் கிடந்தான். வெள்ளி நிறம், சதுர மார்பில் சிவப்பும் மஞ்சளுமாக அச்சடித்த கடிகாரங்கள், முதுகில் சாவி.

இனி வருவது கலீலுல்லா என்னிடம் பலமுறை சொன்னது. ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகளில் சொன்னதால் நம்புகிறேன்.

"இது இன்னா பாய்?"

"சினிமா பொம்மம்மா. ஆகாசத்துல போற படம் ஒண்ணு வந்துச்சே, அதுல வர்ற எந்திர மனுஷன்."

"நடக்குமா?"

அவர் சாவியை முறுக்கிக் கண்ணாடிமேல் விட்டார். டர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு ஒரு காலை வைத்து மறு காலை இழுத்து அது நடந்தது.

"யாரும் புடிக்காமலா நடக்குது?"

"ஒங்க கண்ணு முன்னாலதான நடக்குது. உள்ள ஸ்பிரிங்கு கீது."

"குடுங்க பாய். ஐயனாருக்கு வெக்கணும்."

"யாருக்கு?"

"ஐயனாருக்கு. புள்ளைக்கு காலு வேண்டிகினேன். மண்ணு காலு பஸ்ஸுல நொறுங்கிப் பூட்ச்சி."

"அம்மா, இது வெளயாட்டு சாமான். இத்த கொண்டும்போயி வெச்சீங்கன்னா பூசாரி என்னத்தான் ஒதைக்க வருவான்."

"மண்ணு காலு நடக்குமா பாய்? இது நடக்குதே."

பாய் பொம்மையைக் கையில் எடுத்தார். விற்கிற எல்லாச் சாமானிலும் செய்வதுபோல அதன் பாதத்துக்கு அடியில் பிறை போட்ட கடை முத்திரையைச் சிவப்புப் பெயின்ட்டில் குத்தி, தாளில் சுற்றிக் கொடுத்தார். விற்ற சரக்கு ரிப்பேர் என்று திரும்பி வந்தால் தன் கடையுடையதுதானா என்று பார்க்க அந்த முத்திரை.

பூசாரி சிரித்தார், பிறகு திட்டினார். அமிர்தம் எதையும் காதில் வாங்காமல் ஐயனார் முன்னால் சாவியை முறுக்கி விட்டாள். அது நாலடி நடந்து படிக்கட்டு தட்டி முகம் குப்புற விழுந்தது.

"சாமி கால்லியே வுழுந்துட்ச்சி. இனிமே நான் இன்னாத்த சொல்றது? அந்தாண்ட வையி" என்றார் பூசாரி.

அப்படித்தான் தகரத்தான் ஐயனாரின் மண் குதிரைகளுக்கு நடுவே இடம் பிடித்தான். அந்தப் பெயரை யார் வைத்தது என்று விசாரித்துப் பார்த்தேன், தெரியவில்லை.

இளஞ்செழியன் ஒன்பதாவது வயதில் நடந்தான். அதற்கு முன்னால் பெரியாஸ்பத்திரியில் இரண்டு முறை அறுவை செய்து, இரண்டு காலிலும் காலைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் காலிப்பரும் பூட்ஸும் மாட்டிவிட்டிருந்தார்கள். டாக்டர்கள் செய்ததை ஊர் மறந்தது. தகரத்தான் செய்தது என்று பேச ஆரம்பித்தது. கால் வராத பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மலைமேலிருந்தும் கீழிருந்தும் பெண்கள் வந்தார்கள். தகரத்தானின் காலில் எண்ணெய் தடவினார்கள், இடுப்பில் மஞ்சள் கயிறு கட்டினார்கள், கோழி அறுத்தால் ஒரு சொட்டை அவன் நெற்றியிலும் வைத்தார்கள். ஐந்தாறு வருஷத்தில் மார்பிலிருந்த கடிகாரங்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை. ஒரு கருப்புப் பிசின் கட்டி, அவ்வளவுதான். அமாவாசைதோறும் அமிர்தம் மகனைக் கூட்டிப்போய் அதன் பக்கத்தில் நிற்கவைப்பாள். இவன்தான் நடந்தவன் என்று மற்றவர்களுக்குக் காட்ட வேண்டாமா? எனக்கு அந்தக் காட்சி பிடிக்காது. இரண்டு தடவைக்குமேல் நான் போனதில்லை.

இளஞ்செழியன் பத்தாவது முடித்து, மோட்டாருக்குக் காயில் கட்டக் கற்றுக்கொண்டு, மிக்ஸியும் ஃபேனும் ரிப்பேர் செய்யும் கடை வைத்தான். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டான். வீட்டிலிருந்து கடைக்குத் தினமும் நடந்தே போவான். மகன் அப்படித் தெருவில் நடந்துபோவதைப் பார்ப்பதுதான் அமிர்தத்துக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே சந்தோஷம். வாசலில் நின்று முனை திரும்பும்வரை பார்ப்பாள்.

போன வருஷம் அந்தக் கோயிலுக்குத் திருப்பணி என்று கிளம்பினார்கள். திருப்பணிக் கமிட்டிக்குத் தலைவர் காசிநாதன். செங்கல் சூளை வைத்திருப்பவர், எந்த வீட்டுச் சாவிலும் கல்யாணத்திலும் முதல் நாற்காலி அவருடையது. கோயில் வாசலில் வழவழவென்று டைல்ஸ் ஒட்டினார்கள், பொதுக்கழிப்பறைச் சுவரில் ஒட்டுவார்களே அதே டைல்ஸ். மண் குதிரை, மண் பிள்ளை, மண் கால், மண் கண், தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் அழுதுகொண்டு கொண்டுவந்து வைத்த அத்தனையையும் பொக்லைன் வைத்துத் தள்ளிப் பின்பக்கப் பள்ளத்தில் மூடினார்கள். நான் போய்ப் பார்த்தபோது மண்ணுக்கு வெளியே ஒரு சின்னக் கை நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் கொத்தனார் ஒருவர் வெற்றிலை எச்சில் துப்பியிருந்தார்.

தகரத்தானைக் காணோம்.

அமிர்தம் காசிநாதனைப் போய்க் கேட்டாள். நானும் கூட இருந்தேன்.

"அந்தத் தகர டப்பாவா? குப்பையோட பூட்ச்சி யக்கா. எறும்பு மொய்ச்சிகினு, நாறிகினு. கும்பாபிசேகம் பண்ற கோயில்ல அத்த வெச்சிக்க முடியுமா?"

"குப்ப எங்க போட்ட? நான் தேடிக்கிறேன்."

"டிராக்டரு எங்க கொட்டுச்சோ. ஒனக்கு இன்னா, ஒம் புள்ளதான் நடந்துட்டானே? வேல முடிஞ்ச சாமி."

வேலை முடியவில்லை. அதே மாதங்களில் இளஞ்செழியனுக்குக் கால் மறுபடியும் தளர ஆரம்பித்திருந்தது. கடைக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து போனான். படி ஏற முடியவில்லை. ஒரு நாள் தெருவிலேயே விழுந்து நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு வந்தான். அமிர்தத்துக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. தகரத்தானை எடுத்தார்கள், கால் போகிறது. அவனைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினால் கால் நிற்கும். வேறு எதைச் சொன்னாலும் அவள் கேட்கத் தயாராக இல்லை. சோறு பாதியாகக் குறைந்தது. மகன் கடைக்குக் கிளம்பினால் வாசலில் நிற்காமல் உள்ளே போய்விடுவாள். பார்க்கப் பயம்.

கலீலுல்லா பாய் காலமாகிவிட்டார். அதே கடையில் மகன் நவுஷாத் இப்போது செல்போன் உறைகள் விற்கிறார். அவர்தான் ஒரு நாள் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"ஐயா, கொஞ்சம் வந்து இத்த பாருங்க. சென்னையில ஒரு லேடி, பழைய ஆகாசப் படத்து பொம்மைங்களா சேத்து வெச்சிகினு வீடியோ போடுது. ரெண்டு நிமிஷம் தள்ளி பாருங்க."

வீடியோவில் ரப்பர் உறை மாட்டிய கைகள் ஒரு வெள்ளி நிற எந்திர மனிதனைத் திருப்பிக் காட்டின. மார்பில் சிவப்பும் மஞ்சளுமாகக் கடிகாரங்கள். பாதத்துக்கு அடியில் பாதி அழிந்த சிவப்பு முத்திரை.

"எங்க அத்தா கடை முத்திரங்க ஐயா. வேற எவன் கடையில இந்தப் பிறை போட்டு இருந்துச்சி?" என்றார் நவுஷாத். "கோயில் திருப்பணிக் கமிட்டிகிட்டேர்ந்து வாங்குனேன்னு அந்தம்மாவே சொல்லுது. குப்பையில போட்டாராம் காசிநாதன். நல்லா போட்டாரு."

குப்பையிலிருந்து எடுத்தவனைக்கூட மன்னிக்கலாம். ஒரு தாயின் முகத்துக்கு நேரே குப்பையில் போட்டேன் என்று சொல்லிவிட்டு அதை விற்றுத் தின்றவனை என்ன சொல்வது? கும்பாபிஷேகப் பத்திரிகையில் அவருடைய படம் ஐயனார் படத்தைவிடப் பெரிதாக இருந்தது.

நவுஷாத் போன் செய்து பேசினார். அந்தப் பெண் வரச்சொன்னாள். அமிர்தம், இளஞ்செழியன், நான் மூன்று பேரும் சென்னைக்குப் போனோம். அவனை வரவேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். அமிர்தம் விடவில்லை. "அவன் காலுக்காவத்தான போறோம். அவன் நேர்ல நின்னாதான் அந்தம்மாவுக்குப் புரியும்" என்றாள்.

வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. இளஞ்செழியன் ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்து, இடுப்பை வளைத்து, இரும்புக் காலைத் தூக்கிவைத்து ஏறினான். பாதியில் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. பின்னால் வந்த அமிர்தம் அவன் முதுகைத் தள்ளவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண்ணின் பெயர் ரம்யா. நாற்பது வயதுக்குள் இருக்கும். மரியாதையாகப் பேசினாள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள், இளஞ்செழியனுக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. ஆனால் அந்த அறை! நாலு சுவரிலும் கண்ணாடி அலமாரி. உள்ளே ராக்கெட்டுகள், ஒளித்துப்பாக்கிகள், பறக்கும் தட்டுகள், தகர மனிதர்கள். பாதிக்குமேல் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை. பெட்டி பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம். எந்தப் பிள்ளையின் கையும் படாத விளையாட்டுச் சாமான்கள், குளிர்சாதன அறையில், விளக்கு வெளிச்சத்தில், ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு. பிணவறையில்தான் இவ்வளவு சுத்தத்தைப் பார்த்திருக்கிறேன். அடிவாரத்து எண்ணெய் நாற்றமே பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

தகரத்தான் நடு அலமாரியில் நின்றான். பளபளவென்று இருந்தான். அமிர்தத்துக்கு அடையாளமே தெரியவில்லை.

"இதுவா?" என்று என்னைக் கேட்டாள்.

"இதேதான்."

"இவ்ளோ சின்னதாவா இருந்துச்சி?"

ரம்யா தன் போனில் படங்களைக் காட்டினாள். கழுவுவதற்கு முன், கழுவிய பின். "பாருங்கம்மா, இது எந்த நெலமையில வந்துச்சுன்னு. பஞ்சுக் குச்சியில தொட்டுத் தொட்டு, மாசக்கணக்கா உக்காந்து எடுத்திருக்கேன். வாந்தியே வந்துடுச்சு. ரத்தம்லாம் இருந்துச்சு, நெஜ ரத்தம்."

"கோழி ரத்தந்தாம்மா" என்றாள் அமிர்தம், பயப்பட வேண்டாம் என்கிற மாதிரி.

பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. மகனின் பேண்ட்டைக் கொஞ்சம் தூக்கிக் காலிப்பரைக் காட்டினாள். இந்தக் காலுக்காக வைத்தது, எடுத்ததிலிருந்து கால் போகிறது, திருப்பிக் கொடுத்துவிடு என்றாள். ரம்யா நிஜமாகவே கலங்கிப் போனாள். கோயில்காரர்கள் வேண்டாமென்று கொடுத்ததாக நினைத்தேன், நேர்ந்துவிட்ட பொருள் என்று யாருமே சொல்லவில்லை என்றாள். பிறகு அலமாரியைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்.

"சரிம்மா, எடுத்துட்டுப் போங்க. எனக்குப் பணம் வேண்டாம். ஆனா ஒண்ணு. இதுமேல எண்ணெய் போட மாட்டேன்னு எனக்கு வாக்கு குடுக்கணும். கண்ணாடிப் பெட்டி நானே செஞ்சு தரேன். அதுக்குள்ள வெச்சு நீங்க கும்பிடலாம்."

அமிர்தத்தின் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது.

"எண்ண வெக்காம எப்டிம்மா? வெள்ளிக்கெழம மட்டும்?"

"கூடாதும்மா."

"அமாவாசைக்கு? மாசத்துக்கு ஒரு வாட்டி."

"இந்த அச்சு திரும்ப வராதும்மா. உலகத்துலயே இது மாதிரி ரொம்பக் கம்மி."

"காலுக்கு மட்டும்மா. மேல தொடல. காலுல ஒரே ஒரு சொட்டு."

"ஒரு சொட்டுகூட கூடாதும்மா."

"அப்ப நான் தொடல. மத்த பொம்பளைங்க வந்து வெச்சா நான் இன்னா பண்றது? அவங்க கைய புடிச்சிக்க முடியுமா?"

பொய்யாக ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். காசிநாதன் என்றால் ஒன்பது வாக்குக் கொடுத்திருப்பார். அமிர்தத்துக்கு அது தோன்றவில்லை. ஒரு சொட்டை அரைச் சொட்டாக்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் இளஞ்செழியன் வாயைத் திறந்தான்.

"மேடம், அத்த நீங்களே வெச்சிக்கோங்க."

"டேய், நீ சும்மா இருடா."

"எனக்கு வேணாம்மா. அத்த பாத்தாலே எனக்குக் கொமட்டுது. சின்ன வயசுலேருந்து கொமட்டுது." அவன் குரலை உயர்த்தவில்லை. ரம்யாவைப் பார்த்தேதான் பேசினான். "அமாவாசைக்கு அமாவாசை அதும் பக்கத்துல நிக்க வெப்பாங்க மேடம். அதுக்கு எண்ண தடவுற கையாலியே என் காலையும் தடவுவாங்க, ஊருல இருக்கற பொம்பளைங்க எல்லாம். மீச வந்தப்பறமும் வுடல. லுங்கிய தூக்குப்பா, தூக்குப்பான்னு. வூட்டுக்குப் போயி சோப்பு போட்டு தேச்சி தேச்சி கழுவுவேன்."

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினான்.

"அப்பறம் இதயும் கேட்டுக்க. பெரியாஸ்பத்திரி டாக்டரு என்ன நடக்காதன்னு சொல்லி ஒரு வருசம் ஆவுது. போலியோ வந்த காலு வயசானா இப்டித்தான் தளருமாம். நடக்க நடக்க ஜாஸ்தியாவும், வண்டி வெச்சிக்கன்னாரு. பொம்மய எடுக்கறதுக்கு முன்னாலியே சொன்னாரு. நீ வாசல்ல நின்னுகினு பாக்கறியேன்னுதான் நடந்துகினு இருந்தேன்."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ வேற எதுனா வேண்டிக்குவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. ரம்யா தலையைக் குனிந்துகொண்டாள். தகரத்தானை வெளியே எடுத்து ஒரு முறை கையில் வைத்துப் பாருங்கள் என்றுகூட அவள் சொல்லிப் பார்த்தாள், கையுறையையும் எடுத்து நீட்டினாள். அமிர்தம் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு எழுந்தாள்.

அன்றே திரும்பப் பஸ் ஏறினோம். மகன் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். உளுந்தூர்பேட்டை தாண்டிய பிறகு அமிர்தம் அவனைத் தட்டி எழுப்பினாள்.

"அந்த வண்டி, பின்னாடி ரெண்டு பக்கமும் எக்ஸ்ட்ரா சக்கரம் வெச்சிகினு ஓட்றாங்களே, அதுவா?"

"ஆமா."

"மழையில வழுக்குமா?"

"வழுக்காது. நாலு சக்கரம் ஆச்சே."

"எனக்கு எடம் இருக்குமா?"

"பின்னாடி குந்திக்கலாம்."

மறுநாள் காலையில் அவள் நேரே கோயிலுக்குப் போனாள், நானும் கூடப் போனேன். காசிநாதன் மேஸ்திரியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கத்தவில்லை, மண் வாரித் தூற்றவில்லை.

"மெட்ராஸ் போயிட்டு வரேன் காசிநாதா. நீ டிராக்டருல கொட்ன குப்பைய பாத்துட்டு வரேன். நல்லா கீது. கண்ணாடி அலமாரியில ஏசி போட்டுகினு நிக்குது."

காசிநாதன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "யக்கா, திருப்பணிக்குத்தான் யக்கா. எனக்கா எடுத்துகினேன்?"

"நீ யாருக்கு எடுத்துகினியோ. அது எம் புள்ள காலுக்கு வெச்சது. காலு வித்த காசுல காலு வாங்கிக் குடு. நாலு சக்கரம் வெச்ச ஸ்கூட்டரு."

"இது இன்னா நாயம்?"

"தர வேணாம். கும்பாபிசேகத்தன்னிக்கு வரேன். தகரத்தானுக்கு எண்ண வெச்ச பொம்பளைங்க மலைமேல எத்தினி பேரு, கீழ எத்தினி பேருன்னு எனக்குத் தெரியும். எல்லாத்தையும் இட்டுகினு வரேன். எங்க சாமி எங்கடான்னு ஒன்னத்தான் கேப்பாங்க. மேளத்த நிறுத்திட்டு மைக்குல பதில் சொல்லு."

மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். காசிநாதன் அவரை வேலையைப் பார்க்கச் சொல்லி அதட்டினார். பிறகு அமிர்தத்தைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் பேசினார். திரும்பி வரும்போது அவர் முகம் எண்ணெயில் போட்ட அப்பளம்போல இருந்தது.

வண்டி வந்தது. அதைக் கொடுத்த லட்சணத்தைத்தான் எழுதவே கை கூசுகிறது. கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள் ஷாமியானா போட்டு, நாற்காலி போட்டு, மாற்றுத்திறனாளிக்குத் திருப்பணிக் கமிட்டியின் உதவி என்று மைக்கில் சொல்லி, இளஞ்செழியன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போட்டோக்காரன் தயாராகவில்லை என்று பிடுங்கி மறுபடியும் கொடுத்தார் காசிநாதன். தனக்குத்தானே ஒரு சால்வை வாங்கிவைத்திருந்து, அதை வேறொருவரை விட்டுப் போர்த்தச் சொன்னார். வண்டியின் பின் தகட்டில், நம்பர் பலகையைவிடப் பெரிய எழுத்தில், "உபயம்: காசிநாதன்" என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருந்தது. டியூப்லைட்டில் எழுதிக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மின்விசிறி இறக்கையில் எழுதியதையும் பார்த்திருக்கிறேன். திருடிய காசில் ஒருவன் காலுக்குப் பதிலாக வந்த வண்டியில் உபயம் எழுதியதை இந்த வயதில்தான் பார்க்கிறேன். நான் வீட்டுக்கு வந்து வாயைக் கொப்பளித்தேன்.

பெயின்ட் எடுக்கிற திரவம் ஒரு புட்டி வாங்கிக்கொண்டு மறுநாள் அமிர்தத்தின் வீட்டுக்குப் போனேன். இளஞ்செழியன் வேண்டாம் என்றான். தேய்த்தால் தகடு துருப்பிடிக்கும், வண்டி இன்னும் பல வருஷம் ஓட வேண்டும் என்றான். அவன் சொன்னது சரிதான். புட்டியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

இப்போது வெள்ளிக்கிழமை சந்தைக்கு அமிர்தம் அந்த வண்டியின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டு போகிறாள். பையை மடியில் வைத்துக்கொள்கிறாள். கோயில் இருக்கும் ரோட்டில் போகச் சொல்வதில்லை. முதல் நாள் பயந்து மகனின் சட்டையைப் பிடித்திருந்தாள். போன வாரம் பார்த்தபோது இரண்டு கையாலும் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். வெடித்த பாதங்கள் தரையைத் தொடாமல் ஆடிக்கொண்டிருந்தன.

"இன்னா ஐயா, நடந்துகினு போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.